பாதி தழைச்சத்திலும் ரகங்களைச் சோதிக்க வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

நெல், கோதுமைப் புதிய ரகங்களை வெளியிடுமுன், பரிந்துரைத்த தழைச்சத்தில் (நைட்ரஜன்) பாதி மட்டும் இட்ட வயலிலும் கட்டாயம் சோதிக்க வேண்டும். அந்த விளைச்சல் கணக்கு விவசாயிக்குத் தெரிய வேண்டும். ஹைதராபாத்தில் இயங்கும் எங்கள் அமைப்பு கேட்பது இதைத்தான்.

தழைச்சத்து குறைந்தால் கோதுமை சும்மா வாடி நிற்பதில்லை. மண்ணில் அருகிப்போன நைட்ரேட்டையும் உறிஞ்ச உதவும் என்.ஆர்.டி.2 மரபணுக்கள் வேரில் முடுக்கம் பெறுகின்றன. தூர் கட்டுவது குறைகிறது. அடியிலையின் புரதம் உடைந்து, அதிலிருக்கும் சத்து இளந்தளிருக்கும் கதிருக்கும் போகிறது. அடியிலை முதலில் மஞ்சளிப்பது அதனால்தான். எந்த ரகம் இதைத் திறமையாகச் செய்கிறது என்பது யூரியா தாராளமாக விழுந்த வயலில் தெரியவே தெரியாது. ரொட்டிக் கோதுமையில் சிக்கல் இன்னும் கூடுதல்: மூன்று மூதாதைப் புற்களின் மரபணுத் தொகுதிகளைச் சுமப்பதால், பெரும்பாலான மரபணுக்கள் மும்மடங்காக உள்ளன; எது வேலை செய்கிறது என்று பிரித்தறிவது கடினம்.

பசுமைப் புரட்சியின் குட்டை ரகங்கள் உரம் போட்டாலும் சாயாதவை. அவை நம் வயிற்றை நிரப்பியதை மறுக்க மாட்டோம். ஆனால் அவற்றைக் குட்டையாக்கும் டெல்லா புரதமே, தழைச்சத்தை இழுக்கத் தூண்டும் ஜி.ஆர்.எஃப்.4 என்ற புரதத்துக்குக் குறுக்கே நிற்கிறது. 2018இல் சீன ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள், ஜி.ஆர்.எஃப்.4ஐ வலுப்படுத்தினால் குட்டையாகவே இருந்துகொண்டு பயிர் கூடுதல் சத்தை எடுக்கும் என்றும் நிறுவினார்கள். ஆக, மாற்ற முடியாத குறை அல்ல இது.

ஹைதராபாத் ராஜேந்திரநகரிலுள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் தழைச்சத்து உரம் இடாத வயலில் நெல் வகைகளை ஏற்கெனவே சோதித்துவருகிறது. நம் ஊரிலேயே நடக்கும் ஆய்வு, ரக வெளியீட்டின் விதியாக ஏன் ஆகக் கூடாது? அதற்கான தேவையும் இருக்கிறது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. நெல் வயலில் இட்டதில் பாதிகூடப் பெரும்பாலும் பயிருக்குச் சேர்வதில்லை. மிச்சம் காற்றிலும் நீரிலும் கலக்கிறது. அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகிப் புவியைச் சூடாக்குகிறது. மானியத்தில் மலிவாகக் கிடைக்கும் மூட்டை இந்த இழப்பை மறைத்துவிடுகிறது.

எங்கள் கோரிக்கையை உர வெட்டுக்குச் சாக்காக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2021இல் இலங்கை ரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தி, விளைச்சல் சரிந்து, அதே ஆண்டு பின்வாங்கியது. விதை மாறாமல் மூட்டையை மட்டும் பிடுங்கினால் அடி விவசாயிக்குத்தான்.

பாதி உரத்தில் சரியும் ரகத்தை நிராகரிக்கச் சொல்லவில்லை. எவ்வளவு சரியும் என்பதை விதைப் பையில் அச்சிடுங்கள் என்கிறோம்.