லொஜிக்கல் வொலியூமும் பிழையான இடத்துத் திருத்தமும்

மந்தமான லினக்ஸ் சேர்வரை வேகப்படுத்த லொஜிக்கல் வொலியூமின் ஷெடியூலரை மாற்று, கோரிக்கை வரிசையை நீளமாக்கு என்பது பரவலான அறிவுரை. 2022 இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய இலங்கையில், புதிய வட்டு வாங்காமல் உள்ளதையே சீராக்கும் வழி எவருக்கும் வேண்டியதே. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணினி கற்போர் நாளை இத்தகைய சேர்வர்களைப் பொறுப்பேற்கப் போகிறவர்கள். அவர்கள் இந்த அறிவுரையை அப்படியே ஏற்கக்கூடாது.

முதலில், வட்டுக்குச் செல்லும் கோரிக்கைகளை ஒழுங்குபடுத்தும் ஷெடியூலர். எல்விஎம் (லொஜிக்கல் வொலியூம் மனேஜர்) உருவாக்கும் சாதாரண வொலியூம், வரும் கோரிக்கையின் முகவரியை மாற்றிக் கீழுள்ள வட்டுக்கு அனுப்புகிறது. தன்னிடம் நிறுத்தி வரிசைப்படுத்துவதில்லை. வரிசையே இல்லாத இடத்தில் அதன் நீளத்தைக் கூட்டிப் பயனில்லை. மல்டிபாத் போன்ற சில அமைப்புகளே விலக்கு. எம்கியூ-டெட்லைனோ பிஎஃப்கியூவோ, ஷெடியூலர் தெரிவு நடக்கவேண்டியது உண்மையான வட்டில். குளத்துத் துருசில் திருத்தவேண்டிய நீரோட்டத்தை வயல் வரம்பில் நின்று திருத்த முடியாது. "மாற்றியதும் வேகம் கூடியதே" என்பார்கள். இரண்டாம் முறை அதே கோப்பு நினைவகத்திலிருந்து வந்திருக்கலாம். நினைவகத் தேக்கத்தை வெறுமையாக்கிவிட்டு அளந்தால்தான் அது சான்று.

அடுத்தது, வரிசை நீண்டால் வேகம் கூடும் என்பது. சுழலும் வன்தட்டு ஒன்று செக்கனுக்குச் சுமார் 100 சிதறிய கோரிக்கைகளையே முடிக்கும். 256 கோரிக்கைகள் காத்திருந்தால் கடைசியாக வந்தது இரண்டரைச் செக்கன் நிற்கும். கோரிக்கைகளை இணைக்கவும் ஒழுங்குபடுத்தவும் நீண்ட வரிசை உதவும் என்பது உண்மை. பெருங்கோப்புகளைப் பிரதியெடுக்கும்போது அது பயன்தரும். விடைக்காக ஒருவர் காத்திருக்கும் தரவுத்தளத்தில் அதே நீளம் தாமதமாகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் வட்டிலேயே மாற்றலாமா? அதுவும் பிழை. கோப்பின் அடுத்த பகுதியை முன்கூட்டியே படிக்கும் முன்வாசிப்பின் அளவைக் கோப்பு முறைமை, தான் ஏற்றப்பட்டிருக்கும் வொலியூமிலிருந்தே எடுக்கிறது. கீழுள்ள வட்டின் முன்வாசிப்பு அளவைப் பார்ப்பதில்லை. வழக்கமான 128 கிலோபைற்றைக் கூட்டுவதானால் வொலியூமில் கூட்டவேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்புகளுக்கு அது பொருந்தாது. எல்விஎம் கட்டளையால் பதிந்தால் மறுதொடக்கத்திலும் நிலைக்கும்.

ஒவ்வோர் அமைப்பும் எந்த அடுக்கில் செயற்படுகிறது என்று முதலில் பாருங்கள். பின்னர் ஒன்றை மட்டும் மாற்றி, முன்னும் பின்னும் அளவிடுங்கள். அளவீடு மேம்படாவிட்டால் பழைய பெறுமதிக்கே திரும்புங்கள்.