ரைடு நிக்குதா? நிக்கட்டும்!

தீம் பார்க்கில் ஒரு ரைடை நிரந்தரமாக மூடப் போறோம்னு சொல்லிப் பாருங்க, ஜனங்க உருகிடுவாங்க. ஃப்ளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ஸ்பிளாஷ் மவுன்டன் என்ற தண்ணீர் ரைடு 2023 ஜனவரி 22-ம் தேதியோடு முடிந்தது. கடைசி நாளில் மணிக்கணக்கில் க்யூவில் நின்றார்கள். அந்த ரைடில் ஓடிய தண்ணீரை பாட்டிலில் பிடித்து இ-பேயில் விற்பனைக்குப் போட்ட ஆட்களும் உண்டு. வெறும் தண்ணிங்க!

அதே ரைடு ஒரு சாதாரண நாளில் 'டெக்னிக்கல் ஃபால்ட்' என்று இரண்டு மணி நேரம் நின்றிருந்தால்? அந்தப் பாசமெல்லாம் எங்கே போகும்னு உங்களுக்கே தெரியும். நம்ம காலேஜ் டூர்களிலும் இதே கதைதான். 'க்ளோஸ்டு' போர்டைப் பார்த்ததும், "காசு வாங்குறப்ப தெரியலையா?", "எப்பதான் ஓட்டுவீங்க?" என்று வாசலில் நிற்கும் பையனைப் பிடித்து உலுக்குவோம். பின்னாடி ஒரு கேங் விசிலடிக்கும்.

இந்த இரண்டாவது கோபத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். மற்றவர்களை விடுங்க, இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இந்தக் கோபம் வரவே கூடாது என்பது என் கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். ஒரே ட்ராக்கில் பல ட்ரெயின்கள் ஓடும் ரோலர் கோஸ்டரில், ட்ராக்கை பல பிளாக்குகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரு ட்ரெயின்தான் இருக்கலாம். முன்னால் போனது அந்த பிளாக்கைத் தாண்டிவிட்டது என்று சென்சார் உறுதி சொன்னால்தான், பின்னால் வருவதை கன்ட்ரோல் சிஸ்டம் உள்ளே விடும். ரயில்வே சிக்னலில் இருக்கும் அதே ஐடியாதான். நிறைய கோஸ்டர்களில் பிரேக்கின் இயல்பான நிலையே 'பிடித்திருப்பது'. காற்றழுத்தம் கொடுத்தால்தான் அது விடும். கரன்ட் போனாலும், சென்சார் கெட்டாலும், சிஸ்டத்துக்கு எதுவும் புரியவில்லை என்றாலும், ரைடு நின்றுவிட வேண்டும் என்பதுதான் டிசைன். அதாவது, பல நேரம் நாம் 'ஃபால்ட்' என்று திட்டுவது, அந்த மெஷின் தன் வேலையைச் சரியாகச் செய்ததைத்தான்.

நிற்கச் சொன்ன மெஷினை நிற்க விடாமல் செய்தால் என்ன ஆகும்? அதற்கு ஒரு கேஸ் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஆல்டன் டவர்ஸ் என்ற பார்க்கில் 'ஸ்மைலர்' என்று ஒரு கோஸ்டர். 2013-ல் திறந்தது. 14 தடவை தலைகீழாகப் புரட்டும், அது உலக சாதனை. 2015 ஜூன் 2 அன்று அதில் ஒரு கோளாறு. சரிபார்க்க ஆளில்லாத ஒரு ட்ரெயினை அனுப்பினார்கள். அது சுற்றை முடிக்காமல் நடுவழியில் நின்றுவிட்டது. அடுத்து 16 பேர் உட்கார்ந்த ட்ரெயின் கிளம்பியது. முன்னால் வண்டி நிற்கிறது என்று கண்டுபிடித்து, சிஸ்டம் அதை வழியிலேயே நிறுத்தி வைத்தது. இதுவரைக்கும் எல்லாம் சரி. ஆனால் அங்கிருந்த இன்ஜினியர்களின் கண்ணுக்கு அந்தக் காலி ட்ரெயின் படவில்லை. சிஸ்டம்தான் தப்பாகச் சொல்கிறது என்று நினைத்து, அதை ஓவர்ரைடு செய்து ட்ரெயினை விட்டார்கள்.

நேராகப் போய் மோதியது. பலருக்கு பலத்த காயம். இரண்டு இளம்பெண்களுக்கு ஆளுக்கு ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. ட்ராக்கில் சிக்கியவர்களை இறக்கவே பல மணி நேரம் ஆனது. 2016 செப்டம்பரில் பார்க்கை நடத்தும் மெர்லின் நிறுவனத்துக்கு கோர்ட் 50 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. விசாரித்த பிரிட்டன் அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு, அந்த இன்ஜினியர்களைக் கைகாட்டிவிட்டுப் போகவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் யார், எதைப் பார்த்து, எப்படி முடிவெடுக்க வேண்டும் என்ற முறையையும் பயிற்சியையும் சரியாகக் கொடுக்காத நிறுவனத்தின் மேல்தான் தவறு என்றது.

அந்த விபத்துக்கு க்யூவில் நின்ற விசிட்டர்கள் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி யாரும் சொல்லவும் இல்லை. ஆனால் கன்ட்ரோல் பேனல் முன்னால் நிற்கிறவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்க. ஸ்கிரீன் 'நிறுத்து' என்கிறது. வெளியே நூறு பேர் 'ஓட்டு' என்கிறார்கள். ஸ்கிரீனுக்குக் கத்தத் தெரியாது. 'சென்சார்தான் தப்பு' என்று நம்புவது அந்த நேரத்தில் எவ்வளவு சுலபம்!

"ஆயிரக்கணக்கில் டிக்கெட் எடுத்துட்டு, வெயிலில் ஒரு மணி நேரம் நின்னுட்டு, சிரிச்சிக்கிட்டே திரும்பிப் போகணுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. போக வேண்டாம். ஆனால் கோபத்தை டிக்கெட் கவுன்டரில் காட்டுங்க, ரைடு வாசலில் வேண்டாம். இன்றைக்கு எந்த ரைடு ஓடவில்லை என்று காசு வாங்கும் முன்பே போர்டு வைக்கச் சொல்லுங்க. நின்றால் க்யூவில் இருப்பவர்களிடம் உடனே சொல்லச் சொல்லுங்க. வேறு ரைடுக்கு முன்னுரிமை பாஸோ, காசில் ஒரு பகுதியோ கேளுங்க. இதெல்லாம் நம் உரிமை. 'சீக்கிரம் போடு' என்பது மட்டும் அந்த லிஸ்டில் வராது.

ஃபைனல் இயர் ஆட்களுக்குத் தனியாக ஒன்று. அடுத்த வருஷம் நம்மில் சிலர் ஏதாவது ஒரு பிளான்ட்டில் ட்ரெயினியாக நிற்போம். நைட் ஷிஃப்டில் இன்டர்லாக் ட்ரிப் ஆகி லைன் நிற்கும். போனில் மேனேஜர், "ஏம்ப்பா நிக்குது? பைபாஸ் பண்ணி ஓட்டு" என்பார். அங்கே க்யூவும் இல்லை, விசிலும் இல்லை. ஆனால் வாசலில் நின்ற அந்தப் பையனின் இடத்தில் இப்போது நாம். "என்னன்னு நேர்ல போய்ப் பார்க்காம ஓட்ட மாட்டேன் சார்" என்று சொல்லும் தைரியம் அப்போது திடீரென்று முளைக்காது. அடுத்தவர் நிறுத்தும்போது மதிக்கப் பழகியவருக்குத்தான் அது வரும்.

அதனால அடுத்த டூரில் 'க்ளோஸ்டு' போர்டைப் பார்த்தால், வாசலில் நிற்பவரிடம் எவ்வளவு நேரம் ஆகும்னு கேளுங்க. "தெரியாது, செக் பண்றாங்க" என்று அவர் சொன்னால் நம்பி, வேறு ரைடுக்குப் போங்க.