ஹரியானாவில் ஒரு நிக்கோபார்?

ஊரிலிருந்து யார் வந்தாலும் சாத்தம் பாலம் தாண்டி, 1883-ல் ஆரம்பித்த மர ஆலைக்குக் கூட்டிப்போய் படாக் மரத்தைக் காட்டுவோம். "நிக்கோபார்லயும் இதே காடுதானே?" என்பார்கள்.

இல்லைங்க. நடுவில் 150 கி.மீ. அகலத்தில் பத்து டிகிரி கால்வாய். அந்தமான் காடு பர்மாவுக்குச் சொந்தம், நிக்கோபார் சுமத்ராவுக்கு. அங்கே நீண்டவால் குரங்கு உண்டு; அந்தமானுக்கென்று குரங்கே கிடையாது. கடற்கரையில் மண்ணும் சருகும் குவித்து, அந்தச் சூட்டிலேயே முட்டை பொரிக்கவிடும் நிக்கோபார் மெகபோடுக்கு உலகில் வேறு வீடில்லை.

கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், நகரம் கட்ட சுமார் 130 சதுர கி.மீ. காட்டுக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. ஈடாகக் காடு வளர்க்கக் காட்டிய இடம்? ஹரியானா!

வங்கிக்காரன் புத்தி எனக்கு. ஒருத்தர் கணக்கில் எடுத்து இன்னொருத்தர் கணக்கில் போட்டால் மொத்தக் கூட்டல் டாலி ஆகும்தான். ஆனால் பணம் போனவர் மறுநாள் காலையிலேயே கவுண்டருக்கு வந்து நிற்பாரே! மெகபோட் வருமா?

துறைமுகம் வேண்டுமா என்பது தனிச் சண்டை. தீவுகளில் ஏற்கெனவே காடு நிறைய, நட இடமில்லை என்கிறார்கள். சரி, அப்போ வெட்டுகிற பரப்பையாவது குறைக்கலாமே?