ஏழு விக்கெட் விழுந்த பிறகு

ரஞ்சிக் கோப்பையில் மும்பைக்கு 42 பட்டங்கள். தமிழ்நாட்டுக்கு இரண்டே இரண்டு: 1954-55, 1987-88. மும்பைத் தமிழர்கள் வாழும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இதற்குக் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். மும்பைக்காரன் 'கடூஸ்', பிடித்தால் விடமாட்டான். நம்மவர்களுக்கோ பெரிய ஆட்டம் வந்தால் கை நடுங்கும். இந்த மனோதத்துவம் உண்மையின் முன் நிற்காது. 2021 நவம்பரில் சையது முஷ்டாக் அலி கோப்பை இறுதி ஆட்டத்தில் கர்நாடகத்துக்கு எதிராகக் கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டியிருந்தது. ஷாருக் கான் சிக்ஸர் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். விஜய் ஹசாரே கோப்பையில் தமிழ்நாட்டுக்கு ஐந்து பட்டங்கள். நெஞ்சுரம் இல்லாதவர்கள் செய்யக்கூடிய காரியமா இது? வெள்ளைப் பந்தில் நடுங்காத கை சிவப்புப் பந்தில் மட்டும் நடுங்குவதற்கு நரம்பு காரணமாக இருக்க முடியாது. நாக் அவுட் கட்டத்தில் மும்பையின் பலம் எட்டாவது ஆளிலிருந்து பதினோராவது ஆள் வரை மட்டை பிடிக்கிறவர்களிடம் இருக்கிறது என்பதுதான் என் வாதம். அவர்களை உருவாக்கியது சுபாவமல்ல, ஓர் ஏற்பாடு.

2024 மார்ச்சில் நடந்த ரஞ்சி அரையிறுதியைப் பாருங்கள். தாராவியிலிருந்து மிட்டி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா-குர்லா வளாகம் என்கிற பிகேசி. அங்குள்ள மைதானத்தில்தான் அந்த ஆட்டம். தமிழ்நாடு 146 ரன்னில் சுருண்டாலும், அந்த இன்னிங்ஸில் மொத்தம் 6 விக்கெட் எடுத்த தமிழ்நாட்டுத் தலைவர் சாய் கிஷோர், பதிலுக்கு மும்பையை 106க்கு 7 என்று நிறுத்தினார். ஆட்டம் சரிசமமாகிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒன்பதாவதாக இறங்கிய ஷர்துல் தாக்கூர் 105 பந்தில் 109 ரன் குவித்தார், தனுஷ் கோட்டியான் 89 ரன்னோடு கடைசிவரை நின்றார், மும்பை 378 எடுத்தது. கடைசி மூன்று விக்கெட்டுகள் மட்டும் சேர்த்தது 272 ரன். தமிழ்நாடு இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து எடுத்ததே 308தான். இன்னிங்ஸ் மற்றும் 70 ரன்னில் தோல்வி. டாஸில் வென்று பச்சையான ஆடுகளத்தில் முதலில் ஆடியது தவறு என்ற பேச்சு அப்போது பலமாக எழுந்தது. 146 ஏன் வந்தது என்பதற்கு அந்தப் பதில் சரி. 106க்கு 7 எப்படி 378 ஆனது என்பதற்கு டாஸ் எந்தப் பதிலும் சொல்லாது.

ஒருமுறை நடந்ததை விபத்து என்று ஒதுக்கலாம். 2014-15 இறுதி ஆட்டம் நடந்ததும் மும்பையில்தான், வான்கடேயில்; எதிரணி கர்நாடகம். அன்றும் தமிழ்நாடு முதலில் 134 ரன்னில் சுருண்டது, அன்றும் பந்துவீச்சாளர்கள் எதிரணியை 84க்கு 5 என்று சரித்தார்கள். பிறகு கருண் நாயரும் கே.எல். ராகுலும் ஆறாவது விக்கெட்டுக்கு 386 ரன் சேர்த்தார்கள். கருண் நாயரின் 328, ரஞ்சி இறுதி ஆட்டங்களிலேயே அதிகபட்சம். 1946-47இல் பரோடாவுக்காக குல் முகமது எடுத்த 319ஐத் தாண்டியது. சாதனைப் பட்டியல் 328ஐ நினைவில் வைத்திருக்கிறது, 84க்கு 5ஐ மறந்துவிட்டது. பட்டியல்களின் குணமே அதுதான். 1944-45 இறுதியில் ஹோல்கர் அணிக்காக டெனிஸ் காம்ப்டன் ஆட்டமிழக்காமல் 249 எடுத்தார். ஆனாலும் பம்பாய் 374 ரன்னில் வென்றது. 1990-91 இறுதியில் வெங்சர்க்கார் ஆட்டமிழக்காமல் எடுத்த 139 இன்றும் கண்ணீரோடு பேசப்படுகிறது, பம்பாய் ஹரியானாவிடம் 2 ரன்னில் தோற்றதால். அமெரிக்கக் கால்பந்திலும் இதே கதைதான். 2018 பிப்ரவரி சூப்பர் பௌல் ஆட்டத்தில் டாம் பிரேடி 505 கஜம் பந்தை வீசி, அந்த ஆட்ட வரலாற்றிலேயே இல்லாத சாதனையைச் செய்தார். அவருடைய அணி 41-33 என்று தோற்றது. வென்ற பிலடெல்பியாவை நடத்திச் சென்றவர், காயமடைந்த முதன்மை வீரருக்குப் பதிலாக வந்த நிக் ஃபோல்ஸ். அன்றைய சிறந்த ஆட்டக்காரர் விருதும் அந்த மாற்று ஆளுக்கே.

பட்டியலின் பார்வைக் குறைபாட்டுக்கு மும்பையே இன்னொரு சான்று தருகிறது. அதே 2023-24 காலிறுதியில் பரோடாவுக்கு எதிராக கோட்டியானும் துஷார் தேஷ்பாண்டேயும், அதாவது பத்தாவது, பதினோராவது ஆட்கள், கடைசி விக்கெட்டுக்கு 232 ரன் சேர்த்தார்கள். இருவருக்கும் சதம். முதல்தர கிரிக்கெட்டில் இதற்கு முன் 1946இல் ஓவல் மைதானத்தில் சர்வாதேயும் ஷுட்டே பானர்ஜியும் மட்டுமே இப்படிச் செய்திருந்தார்கள். உண்மையில் அந்த 232 ஆட்டத்தின் போக்கை மாற்றவில்லை. முதல் இன்னிங்ஸ் முன்னிலையோடு மும்பை ஏற்கெனவே பத்திரமாக இருந்தது. சாதனைப் புத்தகத்தில் அது ஏறிவிட்டது. அரையிறுதியைத் தீர்த்த 109க்கு அப்படியோர் இடமில்லை. ஆனால் பதினோராவது ஆள் 123 ரன் எடுக்கத் தெரிந்தவராக இருப்பது எதிரணிக்கு எவ்வளவு பெரிய தலைவலி என்பதை அடுத்த ஆட்டமே காட்டியது.

மும்பையின் இந்த வால், அதாவது கடைசி மட்டை வரிசை, எங்கிருந்து முளைத்தது? மும்பையின் பள்ளிப் பிள்ளைகள் கைல்ஸ், ஹாரிஸ் கேடயங்களுக்காக நெடுங்காலமாக நாக் அவுட் முறையில் மோதி வந்திருக்கிறார்கள். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், ஆகவே கடைசி ஆள் எடுக்கும் பத்து ரன்னுக்கும் விலை உண்டு. 1988இல் டெண்டுல்கரும் காம்ப்ளியும் 664 சேர்த்தது ஹாரிஸ் கேடய அரையிறுதியில். மாட்டுங்கா டான் பாஸ்கோ பள்ளி 1976இல் கைல்ஸ் இறுதியில் தோற்று, மறு ஆண்டு ரவி சாஸ்திரியின் தலைமையில் வென்றது. அதே சாஸ்திரி 1984-85 ரஞ்சி இறுதியில் டெல்லிக்கு எதிராக 91 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தபோது அவருக்கு அந்தச் சூழல் புதிதல்ல. தாக்கூரும் ஹாரிஸ் கேடயத்தில் ஓர் ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்து வெளிச்சத்துக்கு வந்தவர்தான். இதற்கு மேல் 1948இல் தொடங்கிய காங்கா லீக். மழைக்காலத்தில், மூடி வைக்காத ஆடுகளங்களில் நடக்கும் பந்தயம். அங்கே மேல்வரிசை சீக்கிரம் காலியாவது வாடிக்கை. எட்டாவது ஆள் ரன் எடுத்தால்தான் கணக்கு நேராகும். அந்தப் பயிற்சியின் பலனை 1972-73 இறுதி ஆட்டத்தில் பார்க்கலாம்: சேப்பாக்கத்தின் சுழலில் தமிழ்நாடு 80, 61 என்று சரிந்தது, பம்பாய் 151, 113 எடுத்தது. சிவால்கர் 16 ரன்னுக்கு 8, 18 ரன்னுக்கு 5 என்று அள்ளியதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அதே ஆடுகளத்தில் வெங்கட்ராகவனையும் வி.வி. குமாரையும் தாக்குப்பிடித்து பம்பாய் எடுத்த அந்த 113ஐ நான் அதற்குச் சற்றும் குறைவாக மதிப்பிடமாட்டேன்.

பழைய பெருமை சுலபமாக வந்தது என்பது முதல் மறுப்பு. 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து 15 பட்டங்கள் வென்ற காலத்தின் பெரும்பகுதியில் மண்டலத்துக்கு ஓர் அணிதான் நாக் அவுட்டுக்கு வந்தது. ராஜஸ்தான் மட்டும் ஏழு முறை இறுதியில் தோற்றது. 1967-68இல் மதராஸ் வீழ்ந்தது முதல் இன்னிங்ஸ் முன்னிலையில்தான். இதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பதினைந்தையும் இன்றைய எடையில் நிறுக்கக் கூடாது. ஆனால் மண்டல முறை போன பிறகும், 2002-03, 2003-04 இரண்டிலும் இறுதியில் தமிழ்நாட்டைச் சாய்த்தது மும்பையே. ஒன்பதாவது இடத்தில் டெஸ்ட் வீரரை வைத்திருக்கும் அணியோடு ஒப்பிடலாமா என்பது இரண்டாவது மறுப்பு. தாக்கூருக்கு அது பொருந்தும். அந்தப் பருவத்தில் 502 ரன்னும் 29 விக்கெட்டும் எடுத்துத் தொடர் நாயகனான கோட்டியானோ, தேஷ்பாண்டேயோ அன்று டெஸ்ட் வீரர்கள் அல்ல.

மும்பையும் தோற்கிறதே என்பார்கள். 2016-17இல் குஜராத்திடம், 2021-22இல் மத்தியப் பிரதேசத்திடம், 2025 அரையிறுதியில் விதர்பாவிடம் தோற்றது. இதில் கவனிக்க வேண்டியது, 2021-22இல் மத்தியப் பிரதேசத்துக்கும் அதற்கு முன் 2017-18, 2018-19 பட்டங்களை வென்ற விதர்பாவுக்கும் பயிற்சியாளராக இருந்தவர் ஒருவரே: மும்பையின் சந்திரகாந்த் பண்டிட். மண்ணின் குணம் என்றால் அது நாக்பூருக்கு ரயிலேறிப் போயிருக்காது. கற்றுக்கொடுக்கக்கூடியது என்பதால்தான் போனது. சென்னையின் லீக்கில் பணமும் உண்டு, திறமையும் உண்டு. ஒரு வாரம் சறுக்கினால் அடுத்த வாரம் ஈடுகட்டவும் இடமுண்டு. பள்ளி வயதிலேயே, இரண்டு மூன்று நாள் நீளும் சிவப்புப் பந்து நாக் அவுட் நடத்தி, எட்டாவதாக இறங்கும் பையனையும் வலைப்பயிற்சியில் அரை மணி மட்டை பிடிக்க வைக்கலாம். சாய் கிஷோர் 6 விக்கெட் எடுத்த அந்த ஆட்டத்தில் அவருக்குக் குறைந்தது அந்தப் பையன்தான்.