கள்ளிப்பலகைக்கு ஏற்ற மேற்பூச்சு

புதுச்சேரியின் மரவேலை மரபு தேக்கையும் ஈட்டியையும் நம்பி வளர்ந்த மரபாகும். பிரெஞ்சுப் பகுதி மாளிகைகளின் உத்தரங்களிலும், தமிழர் பகுதி வீடுகளின் தாழ்வாரத் தூண்களிலும், அந்தோனின் ரேமண்ட் வடிவமைக்க ஜார்ஜ் நாகாஷிமா 1930களின் பிற்பகுதியில் களத்தில் நின்று கட்டுவித்த அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதிக் கதவுகளிலும் அந்த மரபின் சிறப்பைக் காணலாம். ஆனால் இன்று வீட்டுக்கு வேண்டிய அலமாரியையும் மேசையையும் தாமே செய்துகொள்வோருக்கு எளிதில் கிடைப்பது பைன் மரமே; அது இறக்குமதிப் பலகையாகவோ, சரக்கோடு வந்த கள்ளிப்பெட்டியையும் பேலட்டையும் பிரித்தெடுத்த சட்டமாகவோ வருகிறது. தேக்குக்குக் கைகண்ட பூச்சுமுறையை அப்படியே இந்த மரத்தின் மேல் ஏற்றுவதுதான் பட்டறைகளில் காணப்படும் பல குறைகளுக்கு வேர்.

பைன் போன்ற ஊசியிலை மரங்களிலிருந்து கிடைக்கும் கட்டையே மென்மரம் எனப்படுகிறது. அதன் ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும், பருவத் தொடக்கத்தில் விரைந்து வளர்ந்த வெளிறிய பகுதி சாயத்தை உறிஞ்சிக்கொள்ள, பிற்பாடு இறுகி வளர்ந்த கருத்த பகுதி அதை ஏற்க மறுப்பதால், சாயம் ஏறியபின் வெளிர்ந்த ரேகை கருத்தும் கருத்த ரேகை வெளிர்ந்தும் மரத்தின் இயல்பான தோற்றம் தலைகீழாகிவிடுகிறது. கணுக்களைச் சுற்றித் திட்டுத் திட்டாகவும் படிகிறது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் சுமார் 120 கிராம் அரக்குச் செதில் கரைத்த நீர்த்த பூச்சு ஒன்றை முதலில் கொடுத்து, காய்ந்தபின் 320 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துவிட்டுச் சாயமிட்டால் இத்திட்டுகள் பெரிதும் குறையும். எனினும், பைனுக்குத் தேக்கின் வேடம் போடுவதைக் காட்டிலும், சாயமே இல்லாமல் அதன் இளமஞ்சள் நிறத்தை அப்படியே விடுவது மேலானது என்பதே இவ்விதழின் கருத்து.

பேலட் மரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு விதியின்படி எச்.டி. முத்திரை பெற்ற கட்டை, நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடங்கள் சூடேற்றப்பட்டதாகும். (எம்.பி. என்பது மெத்தில் புரோமைடு வளி ஊட்டப்பட்டதைக் குறிக்கும். வீட்டுப் பொருளுக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.) இச்சூடு பூச்சிகளைக் கொல்லப் போதுமானது; ஆனால் கட்டையிலுள்ள பிசின் இறுகுவதற்கு ஏறத்தாழ 71 பாகை தேவைப்படுவதால், வெயில்படும் சன்னலோரத்தில் வைக்கப்பட்ட அலமாரியின் கணுக்களில் மாதங்கள் கழித்தும் பிசின் கசிந்து, வெள்ளை வண்ணத்தின் மேல் பழுப்புக் கறையாக எழும்புகிறது. கணுக்களை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து, அவற்றின் மேல் மட்டும் அரக்கை இருமுறை பூசிய பிறகே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும்.

இவ்வூரின் காற்றைக் கணக்கில் கொள்ளாத பூச்சுத் தேர்வு எதுவும் நிலைக்காது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக உள்ளபோது சுமார் 12 விழுக்காடு ஈரம் கொண்டிருக்கும் மரம், அது 80 விழுக்காட்டைத் தொடும் மழைக்காலத்தில் 16 விழுக்காடு வரை ஈரம் ஏற்கும். அதனால் 300 மில்லிமீட்டர் அகலமுள்ள பைன் பலகை 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். எந்தப் பூச்சும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. மேற்புறம் மட்டும் பூசி அடிப்புறத்தை வெறுமையாக விட்டால் இருபுறமும் ஈரத்தைச் சமமாக ஏற்காமல் பலகை குழிந்து வளையும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூச்சு தேவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீளும் வடகிழக்குப் பருவத்தில் பாலிஷ் வேலை எடுப்பதே நல்லதன்று. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அங்கே படிய அரக்கு வெளுத்துப்போகிறது. கடினமாக்கி சேர்க்கும் பியூ (பாலியூரித்தேன்) பாலிஷிலோ, அக்கடினமாக்கியிலுள்ள ஐசோசயனேட் ஈரத்தோடு வினைபுரிந்து கரியமில வளியை வெளியிடுவதால் நுண்குமிழிகள் எழுகின்றன.

அப்படியானால் வீட்டினுள் எதைத் தேர்வது? கடைக்காரர் முதலில் எடுத்துத் தரும் மெலமைனும் இருகூறு பியூவும் கண்ணாடிபோல் மின்னும் கடினப் படலம் தருபவை. ஆனால் பைனோ நகம் பட்டாலே பதியும் மரம். மென்மையான அடித்தளத்தின் மேல் இறுகிய படலம் அமைந்தால், ஒரு பாத்திரம் விழுந்த இடத்தில் மரம் அமுங்கப் படலம் வெடிக்கிறது, அதைத் திருத்த முழுப் பரப்பையும் சுரண்ட வேண்டியிருக்கிறது. மெலமைன் இறுகும்போது ஃபார்மால்டிகைடு வெளிவருவதும், முகமூடியும் காற்றோட்டமும் இல்லாத வீட்டறையில் ஐசோசயனேட் தெளிப்பது நுரையீரலுக்குக் கேடு என்பதும் தாமே செய்வோர் மறக்கக் கூடாதவை. ஆளிவிதை எண்ணெய் இவ்வூரின் ஈரத்தில் நாள்கணக்கில் பிசுபிசுத்து, பூசணத்துக்கு இடம் கொடுக்கிறது. அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றும் என்பதால், விரித்துக் காயவைத்தோ நீரில் ஊறவைத்தோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

புத்தக அலமாரி, படச்சட்டம், கட்டில் தலைப்பலகை போன்றவற்றுக்கு அரக்கு பாலிஷே போதும். கீறல் விழுந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசினால் புதியது பழையதோடு கரைந்து ஒன்றிவிடும். சூடான தம்ளரும் தண்ணீரும் படும் மேசைப்பரப்பில் அரக்கு வெள்ளை வளையம் பூணும் என்பதால், அங்கு அதன்மேல் நீர்வகைப் பியூ மூன்று பூச்சு கொடுக்கலாம். சந்தைச் செதிலில் இயல்பாகவே உள்ள மெழுகு மேற்பூச்சைப் பிடிக்கவிடாது. எனவே அடியில் மெழுகு நீக்கிய அரக்கையே பயன்படுத்த வேண்டும்.

திண்ணையிலும் மாடியிலும் வைக்கும் பொருளுக்கு நிறமற்ற வார்னிஷை நம்புவது வீண். சூரியனின் புற ஊதாக் கதிர் தெளிந்த படலத்தை ஊடுருவி அடியிலுள்ள மரத்தின் லிக்னினைச் சிதைப்பதால், படலம் பிடிமானம் இழந்து உரிகிறது. நிறமி அக்கதிரைத் தடுக்கிறது. பிரெஞ்சுப் பகுதியின் சாய்பலகைச் சன்னல்கள் வண்ணம் பூசியே காக்கப்படுகின்றன, பைனுக்கும் அவ்வழியே ஏற்றது. வைரம் பாய்ந்த தேக்குக்கு உள்ள கரையான் எதிர்ப்பு பைனுக்கு இல்லை. ஆகவே வண்ணத்துக்கு முன் போராக்சும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை ஊறவிட்டு, நன்கு உலர்ந்தபின் பூச வேண்டும். அந்த உப்பு மழைநீரில் கரைந்து வெளியேறக்கூடியது என்பதால் மேலேயுள்ள வண்ணம் உரியாமல் பார்த்துக்கொள்வதும் அவசியமாகிறது.

இன்ன பூச்சு, இன்ன மாதத்தில் பூசியது என்று அடிப்பலகையில் எழுதிவைக்கும் வழக்கம் பரவினால், பின்னாளில் பழுதுபார்ப்பவருக்குப் பேருதவியாகும். எழுதாத பொருளாயின், மறைவான மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பார்க்கலாம். பூச்சு பிசுபிசுத்தால் அது பெரும்பாலும் அரக்கு, அசையாவிட்டால் பியூ அல்லது மெலமைன்.