கூடிவரும் நாற்காலிகள்



பாலக்கரைப் பக்கம் நாம் தொழும் பள்ளிவாசலில், பத்து ஆண்டுகளுக்கு முன் இரண்டோ மூன்றோ நாற்காலிகள் கிடந்தன. அவையும் எழுபதைத் தாண்டிய பெரியவர்களுக்காக. இன்று ஜும்ஆ நாளில் வரிசைகளின் இரு ஓரங்களும் நாற்காலிகளால் நிறைகின்றன. நாற்பதுகளில் இருப்போரும் அவற்றில் அமர்கின்றனர். இயலாதவர்க்கு மார்க்கம் தந்த சலுகை அது; எவரையும் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆயினும், சுஜூதிலிருந்து எழுந்து நிற்கும் வலு தொடைகளுக்கு இத்தனை விரைவில் ஏன் குன்றுகிறது என்று கேட்டாக வேண்டும். பேசிப் பார்த்தால், அவர்களுள் பலர் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை உட்கொள்பவர்கள்.

இவற்றைத் தனித்தனி நோய்களாக எண்ணிப் பழகிவிட்டோம். இவை சந்திக்கும் ஓர் இடம் தசை. உண்டபின் இரத்தத்தில் சேரும் குளுக்கோஸுக்கு உடலில் உள்ள பெரிய களஞ்சியம் அதுவே. ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது, இன்சுலினின் தூண்டுதலால் உடல் ஏற்கும் குளுக்கோஸில் ஏறத்தாழ 80 விழுக்காடு எலும்புத் தசைகளுக்கே சென்றது. இன்சுலின் வந்து தட்டினால், குளூட்-4 என்னும் புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து வழி திறக்கிறது. அசையாத தசையில், செல்லுக்குள் கொழுப்பு சேரச் சேர, அந்தத் தட்டல் கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சிறுநீரகத்தை உப்பைத் தேக்கிவைக்கச் செய்கிறது, நரம்புகளை முடுக்குகிறது, இரத்தக் குழாய்களோ முன்போலத் தளர்ந்து விரிவதில்லை. அழுத்தம் ஏறுகிறது. எல்லா இரத்த அழுத்தமும் இவ்வழியே வருவதன்று. வயதும் பரம்பரையும் நம் ஊறுகாய்ச் சாடிகளும் உண்டு.

ஆனால் சுருங்கி விரியும் தசை இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. வேலை செய்யும்போது அதே கதவை அது தானே திறந்துகொள்கிறது. உண்டபின் சிறிது நடப்பதால் சர்க்கரை தணிவது இதனால்தான்.

“நாம் ஒல்லி, நமக்கு வராது” என்பது வீண் ஆறுதல். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தம் உடல்களையே அளந்து 2004இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. எடைக் கருவி நம்மவரிடம் உண்மையை முழுதாகச் சொல்வதில்லை.

மாற்றவும் முடியும். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினர் நோயாளிகளாயினர். உணவையும் நடையையும் சீர்செய்தவர்களில் 39.3 விழுக்காட்டினரே.

ஐவேளைத் தொழுகையே போதுமான உடற்பயிற்சி என்று நம் மேடைகளில் சொல்லப்படுவதை நாம் ஏற்பதில்லை. தொழுகை இபாதத், அதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதுவது தொழுகைக்கும் மரியாதையன்று, உடலுக்கும் போதாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குக் கூறுவது வாரத்தில் 150 நிமிட மிதமான உழைப்பு. அத்துடன் இரண்டு நாட்களேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. பள்ளிக்கு எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்று மிம்பரில் சொல்கிறோம். இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து வாசலிலேயே நிறுத்துகிறோம். சுப்ஹு முதல் இஷா வரை பாய் விரித்து அமர்ந்து ஓதிக்கொடுக்கும் எம் போன்ற உஸ்தாதுகளையே முதலில் சொல்ல வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க, காவிரிப் பாலம் தாண்டி விடியலில் செல்வதுண்டு. உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் வயது முதிர்ந்த பெண்கள் இருவர் மூவராய் வேகமாக நடந்துகொண்டிருப்பார்கள். நம் தெருக்களில் அக்காட்சி அரிது. “வீட்டு வேலையே போதாதா?” என்பார்கள் ஆண்கள். மிக்ஸியும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் வந்தபின் அந்த வாதத்தில் என்ன மிச்சமிருக்கிறது? அம்மியும் உரலும் இருந்த காலத்து உம்மாமார்களை நினைத்துக்கொண்டு இன்றைய பெண்களின் உடலைக் கணக்கிடுகிறோம். வெளியே நடக்கக் கூச்சம், உள்ளே நடக்க இடமில்லை. இடையில் நோய் வளர்கிறது.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றபின் மதரஸாக் கூடம் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. அதைப் பெண்களுக்கு ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் என்ன? நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து அமர்வது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரம்பிய பாட்டிலைத் தூக்குவது: செலவே இல்லாத பயிற்சிகள். இன்சுலின் ஊசியோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களும், அழுத்தம் மிகுந்தவர்களும், மூட்டுவலி உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்கட்டும்; மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

எம் ஜமாஅத்தில் இதை எழுத்திலேயே கேட்டிருக்கிறோம். சாவி இன்னும் வரவில்லை.