சட்டத்தின் சொல்லும் அதிகாரியின் பேனாவும்

துப்பாக்கியிற் பொருத்தும் ஒரு கட்டையைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் சிலர் வினவலாம். விவகாரம் அமெரிக்காவினது, பொருளோ சிறிது. எனினும், சட்டத்தின் சொல்லுக்குப் பொருள் கூறும் உரிமை யாருக்குரியது என்னும் பெருங்கேள்வி அதனுள் அடங்கிக் கிடத்தலால் ஆராயத் துணிந்தோம்.

அந்நாட்டின் 1934 ஆம் ஆண்டுத் தேசிய சுடுகலன் சட்டம் விசித்திரமானது. தனித்து ஒரு குண்டையேனும் சுடமாட்டாத சைலன்சரும் அச்சட்டத்தின்படி ‘சுடுகலன்’! அதனைப் பதிவு செய்தல் வேண்டும். 200 டொலர் வரியும் செலுத்த வேண்டியிருந்தது. 2026 சனவரி 1 முதல் வரி நீங்கியது, பதிவு நீங்கவில்லை. சாதாரணக் குறிநோக்கிக்கோ இத்தகைய பதிவு கிடையாது. துணைப்பொருள்களின் தலைவிதி வரைவிலக்கணத்தின் வாசகத்திலேயே தங்கியுள்ளது.

விசையின் ஒரே இயக்கத்தால், ஒன்றுக்கு மேற்பட்ட வேட்டுகளைத் தானாகவே தீர்ப்பது இயந்திரத் துப்பாக்கி என்கிறது அச்சட்டம். 1986 இன் பின் புதிதாகச் செய்யப்பட்ட இயந்திரத் துப்பாக்கியைப் பொதுமக்கள் வைத்திருத்தல் குற்றம். ‘பம்ப் ஸ்டொக்’ எனப்படும் கட்டை தோளில் அணைக்கும் வழமையான கட்டைக்குப் பதிலாகப் பொருத்தப்படுவது. வேட்டின் உதைப்பால் துப்பாக்கி பின்னே வழுக்கும். சுடுபவனின் மற்றக் கை அதனை முன்னே தள்ளும். அசையாதிருக்கும் விரலில் விசை மீண்டும் வந்து மோதும். வேகம் இயந்திரத் துப்பாக்கியை நெருங்குகிறது. ஆயினும் ஒவ்வொரு வேட்டுக்கும் விசை ஒருமுறை இயங்கவே செய்கிறது.

இவ்வகைக் கட்டைகள் இயந்திரத் துப்பாக்கியல்ல என்றே சுடுகலன்களுக்குப் பொறுப்பான மத்திய பணியகம் பல்லாண்டுகளாகக் கடிதங்கள் மூலம் அறிவித்துவந்தது. 2017 ஒக்டோபர் 1 இல் லாஸ் வேகாஸ் நகரில் இசைவிழாவுக்குக் கூடியிருந்தோர்மீது ஒருவன் இக்கட்டைகள் பொருத்திய துப்பாக்கிகளால் சுட்டான். 60 உயிர்கள் மாண்டன. மறு ஆண்டு டிசம்பரில் பணியகம் தன் கருத்தை மாற்றியது. சட்டத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. ஆனால் 2019 மார்ச் 26 முதல் கட்டையை வைத்திருந்தவன் குற்றவாளி. அழிக்க வேண்டும், அன்றேல் ஒப்படைக்க வேண்டும்.

அக்கட்டை ஒழியவேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஒழித்த முறையையே மறுக்கின்றோம். நேற்று ‘ஆகும்’ என்றதை இன்று ‘ஆகாது’ என ஓர் அதிகாரி எழுதக் குடியானவன் சிறை செல்வதாயின், அச்சட்டத்தை எவன் நம்பி நடப்பான்?

2024 யூன் 14 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் பணியகத்தின் விதியைத் தள்ளிற்று. மாறுபட்ட நீதியரசர் சோட்டோமேயர், பயன் ஒன்றாயின் பெயரும் ஒன்றே என வாதிட்டார். அவ்வாதம் நெஞ்சைத் தொடுகிறது, வாசகத்தை வெல்லவில்லை. பெரும்பான்மையோடு இணைந்த நீதியரசர் அலிற்றோ சுட்டியது முக்கியமானது: பணியகம் பழைய கருத்தில் நின்றிருந்தால் காங்கிரஸ் சபையே முன்னர்ச் சட்டம் இயற்றியிருக்கக்கூடும். அதிகாரியின் குறுக்குவழி சட்டமன்றத்துக்கு ஓய்வளித்தது என்பதே எமது கருத்தும்.

படுகொலை நிகழ்ந்த நெவாடா மாநிலமோ காத்திருக்கவில்லை. 2019 இல் தன் சட்டமன்றத்தின் மூலமே அக்கட்டைகளைத் தடை செய்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு அத்தடையைத் தீண்டவில்லை. மத்தியிலோ, தீர்ப்பு வெளியாகி நான்காம் நாள் செனற் சபையில் ஏகமனதாகத் தடைச்சட்டம் நிறைவேற்ற முயன்றார்கள். ஓர் உறுப்பினர் ஆட்சேபித்தார்; முயற்சி அன்றே நின்றது.